ஐரோப்பாவுக்குச் செய்த கண்ணாடி

கலியாண வீடுகளில் யாராவது பக்கத்தில் வந்து அமர்ந்து, "அக்கா, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டால், "கண்ணாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வடையைக் கடிப்பது என் வழக்கம். கேட்டவர் என் மூக்குக்கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, கண் டொக்டர் ஒருவரிடம் உதவிக்கு நின்றிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார். எனக்கும் அது வசதி. ஓய்வுபெற்ற பிறகு அப்படித் தப்ப முடியவில்லை. நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில் இப்போது இருப்பவர்கள் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார்கள். யன்னல் கண்ணாடிகளின் தரத்துக்கான ஐரோப்பிய நியமம் மறுபடியும் திருத்தப்பட்டிருக்கிறதாம். முதல் தடவை அது கட்டாயமானபோது தொழிற்சாலைகளை எப்படித் தயார்ப்படுத்தினீர்கள் என்று கேட்டார்கள். நானும் பிரெஞ்சில் நெடுநேரம் விளக்கினேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் முக்கியமான பகுதியைச் சொல்லவே இல்லை என்று உறைத்தது. அந்தப் பகுதியில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் தமிழில் கதைத்தவர்கள். ஆகவே அதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடி எது என்று சொல்ல வேண்டும். மொன்றியலில் நீங்கள் எந்த வீட்டில் இருந்தாலும் யன்னலில் இருப்பது ஒரு கண்ணாடி அல்ல, இரண்டு. இரண்டுக்கும் நடுவில் விரலளவு இடைவெளி. அந்த இடைவெளியின் ஓரத்தைச் சுற்றி, குழாய் போல உள்ளே வெறுமையான, ஒரு பக்கத்தில் நுண்ணிய துளைகள் உள்ள ஓர் அலுமினியச் சட்டம் இருக்கும். தொழிலாளர்கள் அதைப் பிறேம் என்பார்கள். பிறேமுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகளை நிரப்பி, அதன் இரண்டு பக்கமும் கறுப்புப் பசை பூசி, கண்ணாடிகளை அதன் மேல் அழுத்தி, இடைவெளிக்குள் ஆர்கன் வாயுவை விட்டு, வெளி ஓரத்தை இன்னொரு பசையால் மூடிவிடுவார்கள். இதெல்லாம் சரியாக அமைந்தால் தை மாதக் குளிரிலும் யன்னலோரம் இருந்து தேநீர் குடிக்கலாம். ஓரத்தில் எங்காவது பிழைத்தால் ஈரம் உள்ளே போகும். மணிகள் முடியுமட்டும் குடிக்கும். அதன் பிறகு கண்ணாடி உள்ளுக்குள்ளேயே மங்கிப்போகும். எங்கள் சனம் அதை வினாகிரி போட்டு உள்ளாலும் வெளியாலும் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு, மருமகளுக்குத் துடைக்கத் தெரியவில்லை என்று முடிவெடுக்கும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி வரை, "எங்கள் கண்ணாடி திறம்" என்று உற்பத்தியாளர் சொன்னாலே போதுமானதாக இருந்தது. பிறகு ஐரோப்பா, வாயால் சொன்னது காணாது, நிரூபித்து அடையாளம் இட்ட பிறகுதான் விற்கலாம் என்றது. மாதிரிக் கண்ணாடிகளை ஒரு கூண்டுக்குள் வைத்து, சூடும் குளிரும் ஈரமுமாக மாதக்கணக்கில் வதைத்து, பிறகு பிரித்து, உள்ளே உள்ள மணிகள் எவ்வளவு ஈரம் குடித்திருக்கின்றன என்று நிறுத்துப் பார்ப்பார்கள். அதைவிட, தொழிற்சாலையும் ஒவ்வொரு நாளும் தன் வேலையைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவின் சட்டத்துக்கும் மொன்றியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் செய்த மர யன்னல்களும், பகுதி பகுதியாகச் செய்து கப்பலேற்றிய வீடுகளும் பிரான்சுக்கும் அயர்லாந்துக்கும் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கண்ணாடி செய்தவர்கள் திடீரென்று எங்கள் ஆய்வுகூடத்தைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

நான் அந்த ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது நீண்ட கதை, சுருக்கிவிடுகிறேன். திருகோணமலையில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, மொன்றியலுக்கு வந்து டவுன்டவுனில் ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவினேன். பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு. பிறகு பசை தயாரிக்கும் கொம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் குடுவை கழுவினேன். கழுவுகிற துறையில் நல்ல முன்னேற்றம் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அங்கிருந்துதான் கண்ணாடி ஆய்வுகூடத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் என் எதிரே இருந்தவர் ஜில்பேர். பின்னர் அவர்தான் என் மேலதிகாரி.

ஜில்பேர் என் சான்றிதழ்களைப் பார்க்கவே இல்லை. ஒரு சிறு கிண்ணத்தில் மணிகளைப் போட்டு, அதற்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தை என் கையில் தந்தார். கிண்ணம் சுட்டது. நல்ல சூடு. ஏன் சுடுகிறது என்று கேட்டார். காய்ந்த மணிகள் தண்ணீரைக் குடிக்கும்போது வெப்பம் வெளிவருகிறது என்றேன். சுடாவிட்டால்? அவை ஏற்கெனவே குடித்துவிட்டன என்று அர்த்தம் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். நான் கேட்டுப் பழகியிருந்த நேர்முகங்களில், உங்கள் நாட்டுப் பட்டம் இங்கே செல்லுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மெற்றோவில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போனேன்.

ஜில்பேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆள் நல்ல உயரம், குரலோ பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். இன்னொருவருடைய தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எதையும் தொட மாட்டார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று யாரிடமும் கேட்க மாட்டார். "காட்டுங்கள்" என்பார், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் மனிதர்கள் நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், காட்டு என்றால் செய்து காட்டுவார்கள் என்பது அவருடைய கணக்கு. கெட்ட செய்தி ஏதும் இருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் வணக்கம் சொல்வார். மதியத்தில் முதலாளிமார் தங்கள் அறைக்கு அழைத்தாலும் போக மாட்டார். தொழிலாளர்களின் சாப்பாட்டு அறையில் ஒரு மூலையில் தன் சான்விச்சோடு இருப்பார். பணிவாக்கும் என்று நான் நினைத்தேன். "முதலாளியின் அறையில் கோப்பி நன்றாக இருக்கும், செய்தி கிடைக்காது" என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

நாங்கள் முதலில் தயார்ப்படுத்தப் போன இடம் நகரத்துக்கு வெளியே ஒரு சிறு பட்டறை. அதன் முதலாளி எங்களுக்குக் காட்டிய கண்ணாடிகள் எல்லாம் பளிங்கு மாதிரி இருந்தன. ஜில்பேர் கழிப்பறைக்குப் போய்விட்டு, போன வேகத்திலேயே திரும்பி வந்தார். "மன்னிக்க வேண்டும், உள்ளே போக எனக்கு இடமில்லை" என்றார். மங்கிப்போய்த் திரும்பி வந்த கண்ணாடிகளை எல்லாம் அந்த மனிதர் கழிப்பறைக்குள் அடுக்கி ஒளித்து வைத்திருந்தார். முதலாளியின் காது சிவந்துவிட்டது. ஜில்பேர் ஏசவில்லை. அவை ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து வரச் சொல்லி, மேசையில் வைத்து வெட்டினோம். எந்த மூலையில் பசை விட்டுப்போயிருந்தது, எதில் வெளிப் பசையின் இரண்டு பாகமும் சரியாகக் கலக்கவில்லை என்று எல்லாமே அவற்றில் இருந்தது. வெளியாள் வருகிறான் என்றதும் மனிதர்கள் கூடாததை ஒளித்து நல்லதைக் காட்டுவார்கள் என்பது என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. அதன் பிறகு எங்கே போனாலும் முதலில் கழிப்பறையைத்தான் பார்ப்பேன்.

மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்த தொழிற்சாலைக்குப் போனபோதும் அப்படித்தான் பார்த்தேன். கழிப்பறை சுத்தமாக இருந்தது. அங்கே ஐரோப்பாவுக்குப் போகும் கண்ணாடிகளுக்கு என்று தனியாக ஒரு வரிசை. அதன் மேற்பார்வையாளர் அன்ரன் அண்ணை, மன்னாரைச் சேர்ந்தவர், என்னைவிட மூத்தவர். வரிசையில் நின்றவர்கள் அநேகமாக எல்லோரும் அவர் போகும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அவர்தான் ஒவ்வொருவரையும் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்தவர். அந்தப் பொறுப்பு அவருடைய நடையிலேயே தெரியும். "இத்தினை வருசமாச் செய்யிறம் தங்கச்சி, ஒரு கண்ணாடி திரும்பி வந்ததோ எண்டு கேட்டுப் பாருங்கோ" என்று முதல் நாளே சொன்னார். கேட்டுப் பார்த்தேன். அது உண்மைதான்.

அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது நல்ல வேலையை அல்ல, அந்த வேலையைத் தாங்களே சோதிக்கும் பழக்கத்தை. காலையில் மணிகள் வரும் பீப்பாயைத் திறந்ததும் அவற்றில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் விட்டு, வெப்பமானியில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். வெளி ஓரத்துப் பசை கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு பாகம். சரியாகக் கலந்ததா என்று அறிய, ஒரு துளியைக் கடதாசியில் வைத்து மடித்து, பிறகு விரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடு தெரிந்தால் கலவை போதாது, இயந்திரத்தை நிறுத்த வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டில் பசையைப் பூசிக் காயவிட்டு, கத்தியால் கிளப்பிப் பார்க்க வேண்டும். பசை நடுவில் கிழிந்தால் நல்லது, கண்ணாடியை விட்டுத் தோல் போல உரிந்தால் கூடாது. இதெல்லாம் அவர்களுக்கு ஒரு கிழமையில் பிடிபட்டுவிட்டது. கடதாசியை விரிக்கும்போது என்ன வரும் என்று தங்களுக்குள் பந்தயம் பிடிக்கும் அளவுக்கு ஈடுபாடு வந்திருந்தது.

பிறேமில் மணி நிரப்பி, மூலைகளைப் பூட்டும் வேலை றோசலினுடையது. முப்பது வயதிருக்கும், வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவள். அவளுடைய கணவர் மன்னாரில் இருந்தார். அங்கே சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம் அது. அவரை இங்கே எடுப்பதற்கு றோசலின் ஸ்பொன்சர் பண்ணியிருந்தாள். அவளுக்கு இருந்த பயம் ஒன்றுதான். வேலை போனால் அரசாங்க உதவிப்பணத்துக்குப் போக வேண்டிவரும், அதை எடுத்தால் ஸ்பொன்சர் பண்ணும் தகுதி போய்விடும். முதலாளியோ எல்லோருக்கும் கேட்கவே சொல்லிவிட்டார். ஐரோப்பிய அடையாளம் கிடைத்தால் அந்த வரிசை ஓடும், கிடைக்காவிட்டால் மூடுவார், கடைசியாக வந்தவர்கள் முதலில் போவார்கள். றோசலின் என்னிடம், "அக்கா, இது சரிவரும்தானே?" என்று கேட்காத நாளில்லை. சரிவரும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் மாதிரிகளைச் செய்து பிரான்சில் உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கிழமை நாங்கள் வேறொரு தொழிற்சாலையில் நின்றோம். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அன்ரன் அண்ணை. சில கிழமைகள் கழித்து பிரான்சிலிருந்து செய்தி வந்தது. வந்த மாதிரிகளில் சிலவற்றைக் கூண்டில் வைப்பதற்கு முன்னரே பிரித்துப் பார்ப்பது வழக்கம், தொடக்க ஈரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும் அல்லவா? அப்படிப் பிரித்தவற்றில் மணிகள் ஏற்கெனவே நிறைய ஈரம் குடித்திருந்தன. அதுவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவுகளில். இந்த நிலையில் சோதனையைத் தொடங்குவதில் பலனில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஜில்பேரும் நானும் லாசாலுக்குப் போனோம். வாசலில் நின்ற முதலாளியிடமும் அன்ரன் அண்ணையிடமும் ஜில்பேர், "மாதிரிகள் தவறிவிட்டன" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் கைகொடுத்தார். அன்ரன் அண்ணையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு ஜில்பேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "காட்டுங்கள்" என்றார்.

காட்டினார்கள். ஒரு பிழையும் இல்லை. பீப்பாய் மூடியிருந்தது. றோசலின் நிரப்பினாள், பூட்டினாள், அடுத்தவள் பசை பூசினாள், உடனே கண்ணாடி அழுத்தப்பட்டது. எல்லாம் கைமாறும் வேகத்தில் நடந்தது. அன்று முடிந்த கண்ணாடிகளில் ஒன்றை நான் எடுத்து, பிறேமை வெட்டி, மணிகளில் தண்ணீர் விட்டேன். கிண்ணம் சுட்டது. ஐரோப்பாவுக்குச் செய்த மாதிரிகளில் அனுப்பாமல் மிஞ்சியிருந்த ஒன்றையும் எடுத்து வெட்டினேன். அதன் மணிகளில் தண்ணீர் விட்டபோது கிண்ணம் கைச்சூட்டுக்கு மேலே போகவில்லை. அதே பீப்பாய், அதே ஆட்கள், அதே மேசை.

முதலாளி யோசிக்க நேரம் எடுக்கவில்லை. "மணி நிரப்பியது யார்?" என்று கேட்டார். எல்லோருக்கும் தெரிந்த விடை அது. அவர் றோசலினைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவு வராது, அந்தப் பார்வைக்கு மொழி தேவைப்படவில்லை. எனக்குக் கோபம் வந்தது. காலையில் பீப்பாயைச் சோதித்தது அவள் அல்ல, மாதிரிகளை அனுப்ப முடிவெடுத்ததும் அவள் அல்ல. ஆனால் கோபப்பட்டு என்ன செய்வது, கையில் விளக்கம் இல்லையே.

மதியம் எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போனோம். ஜில்பேர் மூலையில் தன் சான்விச்சோடு இருந்தார். வரிசையில் வேலை செய்யும் ஒருத்தி எனக்குத் தன் சோற்றுப் பெட்டியின் மூடியில் கொஞ்சம் சோறும் மீன் குழம்பும் போட்டுத் தந்தாள். றோசலின் தன் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"சாப்பிடு பிள்ளை" என்றேன்.

"இறங்காது அக்கா." கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "அண்டைக்கு எல்லாரும் எவ்வளவு சந்தோசமா இருந்து சாப்பிட்டனாங்கள். அதே அறை."

"எண்டைக்கு?"

"ஐரோப்பாக் கண்ணாடி செய்த சனிக்கிழமை. அன்ரன் அண்ணை வீட்டிலயிருந்து புரியாணி வந்தது. பூசை மாதிரியெல்லோ அண்டைக்கு எல்லாம் செய்தது. எல்லாரும் குளிச்சு, நல்ல உடுப்போட வந்தனாங்கள்."

எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. "நீங்கள் சாப்பிடேக்க பிறேம் எல்லாம் எங்க இருந்தது?" என்று கேட்டேன்.

"கொழுவியில. ஒண்டொண்டாத் துடைச்சு, கீறல் இருக்கோ எண்டு பாத்து, கீறல் இருந்ததைக் கழிச்சு, வரிசையாக் கொழுவி வைச்சிட்டுத்தான் சாப்பிட வந்தனாங்கள்."

"மணி நிரப்பியே?"

"ஓம், நிரப்பித்தான்."

"பெரிய கதவு?"

"திறந்துதான் இருந்தது. என்ன வெக்கை அண்டைக்கு, ஞாபகமில்லையே?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மொன்றியலின் ஆடி மாத ஈர வெக்கையில் துவாய் கூடக் காயாது. நிரப்பிய பிறேம்கள் பசை பூசாமல், கண்ணாடி மூடாமல், அந்தக் காற்றில் கொக்கிகளில் தொங்கியிருக்கின்றன. முதலில் கொழுவியது அதிகம் குடித்திருக்கிறது, கடைசியில் கொழுவியது குறைவாகக் குடித்திருக்கிறது. சாதாரண நாளில் ஒரு பிறேம் கொழுவியைக் காண்பதே இல்லை, அவசரத்தில் கையிலிருந்து கைக்குப் போய்விடும். இவர்கள் செய்த பிழை, நல்லாச் செய்ய வேண்டும் என்று நினைத்ததுதான். வெளிநாட்டுக்குப் போகிற சாமான் என்றதும், வீட்டுக்கு விருந்தாளி வருவது போல எல்லாவற்றையும் துடைத்து, பார்த்துப் பார்த்து அடுக்கி, பொறுமையாகச் செய்திருக்கிறார்கள். நான் முன்பு பார்த்த பட்டறை முதலாளி கூடாததை ஒளித்தார். இவர்கள் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள், அதனால்தான் எனக்கு இது பிடிபட இவ்வளவு நேரம் எடுத்தது.

ஜில்பேரிடம் போய்ப் பிரெஞ்சில் சொன்னேன். சான்விச்சைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். றோசலின் திடுக்கிட்டுப் போய், "ஓம், நல்ல புரியாணி" என்றாள். அதற்கு மேல் அடக்க முடியாமல் நான் சிரித்துவிட்டேன். முதலில் அவளும் சிரித்தாள், பிறகு ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டாள்.

அன்ரன் அண்ணைக்கு அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"அப்ப, நல்லாச் செய்தது பிழை எண்டுறியள்?"

"நல்லாச் செய்தது பிழையில்லை அண்ணை. இஞ்ச நாளாந்தம் எப்பிடிச் செய்யிறியளோ அப்பிடியே செய்து அனுப்பியிருக்க வேணும்."

"வெளிநாட்டுக்குப் போறதைத் துடைக்காமல் அனுப்பிறதே? என்ன நினைப்பாங்கள் எங்களைப் பற்றி?"

"அவங்கள் துடைச்சிருக்கோ எண்டு பாக்கிறதில்லை அண்ணை. உடைச்சுத்தான் பாக்கிறவங்கள்."

அவர் எழும்பிப் போய்விட்டார். ஜில்பேர் முதலாளியிடம், இது ஒரு தனியாளின் தவறு அல்ல, உங்கள் ஆட்களின் சாதாரண நாள் அவர்களுடைய விசேஷ நாளைவிட நல்லது, அந்தச் சாதாரண நாளில் செய்ததை அனுப்புங்கள் என்றார். முதலாளி நாட்காட்டியைப் பார்த்தார். இன்னும் ஒரு தடவைதான் என்றார். அடுத்த தடவையும் தவறினால் நியமம் கட்டாயமாகும் நாளுக்குள் மறுபடி சோதிக்க நேரம் இராது, வரிசையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் சொன்னது நியாயம்தான். அதை நான் றோசலினுக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

புரட்டாதியில் இரண்டாம் தொகுதியைச் செய்தோம். சனிக்கிழமை அல்ல, ஒரு வேலை நாளின் நடுவில், மற்ற ஓடர்களுக்கு இடையே. சாதாரணமாகச் செய்யுங்கள் என்று சொன்னால் மனிதரால் சாதாரணமாக இருக்க முடிவதில்லை என்பதை அன்றுதான் கண்டேன். றோசலினின் கை தானாகவே துடைக்கும் துணிக்குப் போனது. துணியை எடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பசை பூசுகிறவள் ஒவ்வொரு மூலையிலும் நின்று நின்று பார்த்தாள். அன்ரன் அண்ணை எங்கள் தலைக்கு மேலாக எட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நீங்கள் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கோவன்."

"எட்டிப் பாக்கவும் கூடாதோ?"

"கூடாது."

அவர் போனார். தேத்தண்ணி குடிக்கவில்லை, சாப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிறேமில் சின்னக் கீறல் இருந்தது. றோசலின் அதைத் தூக்கி என்னிடம் காட்டினாள். அந்தக் கீறலுக்கும் ஈரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "போகட்டும்" என்றேன். "கீறலோட ஐரோப்பாவுக்கோ?" என்று கண்ணை விரித்தாள். "ஓம், கீறலோடதான். கெதியா!" நிரப்பிய ஒரு பிறேமையும் நான் ஒரு மூச்சுவிடும் நேரம்கூடக் காத்திருக்க விடவில்லை. நாலைந்து பிறேமுக்குப் பிறகு அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். பின்னால் ஓடர் குவிந்துகொண்டிருந்ததால் பழைய வேகம் தானாகவே வந்தது. ஒருத்தி தன் மகனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். முடிந்தவற்றில் ஒன்றை வெட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். கையில் பிடிக்க முடியாமல் கிண்ணத்தை மேசையில் வைக்கும் அளவுக்குச் சுட்டது.

அதன் பிறகு காத்திருப்பு. கூண்டுக்குள் நடப்பதை யாராலும் கெதிப்படுத்த முடியாது. பனி விழுந்தது, நத்தார்ப் பண்டிகை வந்து போனது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய றோசலின் அழைப்பாள். "அக்கா, இப்ப என்ன நடக்குதாம்?" என்பாள். "சூடும் குளிரும்தான்" என்பேன். "இன்னும் முடியேல்லையோ?" "இன்னும் முடியேல்லை." பிறகு கணவரைப் பற்றிச் சொல்வாள். சண்டையால் பாதை பூட்டியிருக்கிறது, தொலைபேசி எடுத்தால் சில நாள் கிடைக்கிறது, சில நாள் கிடைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் தடவை தவறியபோது சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்தத் தடவை தவறினால் ஒரு சாட்டும் இல்லை, கண்ணாடியே கூடாது என்றாகிவிடும். அன்ரன் அண்ணை என்னோடு அளவாகத்தான் கதைத்தார். ஆனால் வரிசையில் ஒரு நிமிடம் ஒரு பிறேம் கொழுவியில் தொங்கினாலும் அவர் போடும் சத்தம் வாசலுக்குக் கேட்கும் என்று சொன்னார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை தொலைநகல் இயந்திரத்தின் முன்னால் ஜில்பேர் நின்றுகொண்டிருந்தார். கடதாசியை வாசித்து முடித்து என்னிடம் நீட்டினார். நான் எண்களைத்தான் தேடினேன். ஒவ்வொரு மாதிரியும் எல்லைக்கு நன்றாக உள்ளே இருந்தது. வாயுக் கசிவும் அப்படித்தான். இரண்டாம் தடவை வாசித்தேன், பிறகு "அப்பாடா!" என்று தமிழில் கத்திவிட்டேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே இருந்த ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்களே போய்ச் சொல்லுங்கள்" என்றார் ஜில்பேர். "நான் போனால் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள்."

லாசால் பஸ்ஸில் ஏறினேன். கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு பசி எடுத்தது. றோசலினின் கணவர் வந்துசேர அதன் பிறகும் கனகாலம் எடுத்தது. ஆனால் வந்தார், இப்போது இருவரும் மொன்றியலுக்குப் பக்கத்தில் உள்ள கர்க்லாண்டில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அதை அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை. அவள் வேலை தப்பிவிட்டது என்பது மட்டும்தான் தெரியும், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

தொழிற்சாலை வாசலிலேயே அன்ரன் அண்ணையைக் கண்டேன். "சரிவந்திட்டுது அண்ணை" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். சுவர்ப்பக்கம் திரும்பி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"ஒண்டு கேக்கட்டே தங்கச்சி?"

"கேளுங்கோ."

"அந்தக் கீறல் பிறேமும் பாஸோ?"

"அதுவும் பாஸ்தான்."

"அநியாயம்" என்றார். அப்போதுதான், பல மாதங்களுக்குப் பிறகு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

றோசலின் இயந்திரத்தடியில் நின்றாள். சத்தத்துக்குள் அவள் காதோரம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டில் இருந்து எடுத்ததை, மணிகளை நிறுத்ததை, எண்கள் எல்லைக்குள் வந்ததை, வாயு கசியாததை. என் சந்தோசத்தில் அவளுக்கு வேண்டாததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கைகள் மட்டும் பிறேமை விடவில்லை.

"அப்ப, நாளைக்கும் வேலை இருக்கோ அக்கா?"

"இருக்கு."

"அடுத்த மாசமும்?"

"ஓம். அடுத்த மாசமும் இருக்கு."

அவள் கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, என்னை முழங்கையால் மெல்ல ஒதுக்கினாள்.

"சரி, தள்ளி நில்லுங்கோ அக்கா. பிறேம் காத்துக்கொண்டு நிக்குது."